இடமாகச் சுற்றியவர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

கடைசி செமஸ்டர் படத்துக்கு ஜோடி பிரித்துவிட்டார்கள். வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். அதில் எனக்கு வாய்த்தது கோமதி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று வருடமாக அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வாக்கியம், "சார்ஜர் இருக்கா?"

தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: நடக்கும் மனிதர்கள். ஒரு நிமிட அனிமேஷன், வசனம் கூடாது. எங்கள் ஞானதுரை சாருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம் பாதம். "தரையில வெச்ச பாதம் வழுக்கக் கூடாது, கேட்டுக்கங்க" என்று இன்றைக்கும் அதே பாட்டு. உருவத்துக்கு முகமே இல்லாவிட்டாலும் மனிதர் கண்டுகொள்ள மாட்டார். குதிகால் சரியாக இறங்கினால் போதும், பிறவிப் பயன் அடைந்துவிடுவார்.

இருபதாம் தேதி சென்னையிலிருந்து இந்திராணி மேடம் வருகிறார். பெரிய அனிமேஷன் ஸ்டூடியோவில் பெரிய பொறுப்பு. எல்லாப் படங்களையும் பார்த்து ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார். பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. அந்த ஒருவன் நான்தான். கர்வத்தில் எழுதவில்லை. மற்றவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மற்ற ஜோடிகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். கடற்கரையில் கைகோத்து நடக்கும் காதலர்கள், மூன்று ஜோடி. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள், இரண்டு ஜோடி. ஒருத்தன் பேய் நடப்பதைப் போடப் போகிறானாம். பேய்க்குக் கால் கிடையாதே என்றேன். அதனால்தான் பேயை எடுத்தேன் என்கிறான். சோம்பேறிக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை.

என் படத்துக்குப் பெயர் 'மந்தை'. நடுவில் கதவு மூடிய ஒரு கோயில். அதைச் சுற்றிச் சுற்றி ஜனங்கள் நடக்கிறார்கள். நடந்து நடந்து ஓரடி முன்னேறாமல் புறப்பட்ட இடத்துக்கே வருகிறார்கள். மறுபடி நடக்கிறார்கள். அவ்வளவுதான். பார்க்கிறவனுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும்.

அப்பா கருப்புச் சட்டைக்காரர். எனக்குப் பகலவன் என்று பெயர் வைத்ததோடு நிற்காமல், பிறந்ததிலிருந்து என்னைக் கோயில் வாசல் மிதிக்க விட்டதில்லை. அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லா உறைக்கிற மாதிரி போடு" என்றார். அம்மா, "சாப்ட்டுட்டுப் போடு" என்றாள். எங்கள் வீட்டில் கலை விமர்சனம் இந்த அளவில்தான் நடக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

கோயிலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆட்களைக் கவனித்தேன். செருப்பை விடுகிறார்கள், தலையைக் குனிகிறார்கள், உள்ளே போகிறார்கள், நெற்றியில் பட்டையோடு வெளியே வருகிறார்கள். ஒரு முகத்தில்கூட யோசனை என்பதன் அறிகுறி இல்லை.

"உள்ள போய் ஒரு சுத்து பாத்துட்டு வந்துரலாமே" என்றாள் கோமதி.

"எதுக்கு? சுத்துறதுல என்ன பாக்க இருக்கு? சுத்துறாங்க."

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். கல்லூரிக்குத் திரும்பி நீள வராந்தாவில் நானே நடந்தேன், அவள் போனில் படம் பிடித்தாள். துண்டைத் தோளில் போட்டு ஒரு கிழவன், நோட்டைத் தட்டுபோல ஏந்தி ஒரு மாமி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு தர்மகர்த்தா. எல்லோரும் இடமிருந்து வலமாக. பாடப் புத்தகத்தில் எல்லா உருவமும் அப்படித்தான் நடக்கும். மாமியாக நான் நடந்தபோது கோமதி சிரித்துவிட்டாள், போன் ஆடிவிட்டது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு வேலை உருப்படியாகச் செய்யத் தெரியாது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் சிலிண்டர் வந்தது. நான்தான் தூக்கிப் பொருத்தினேன். பகுத்தறிவுப் பிரசாரத்துக்குப் போகிற அப்பாவுக்கு ரெகுலேட்டர் மாட்டத் தெரியாது.

கோடு வரைவது முழுக்க என் வேலை. வண்ணம் அடிப்பது கோமதி. ஒரு நடை என்பது வலது கால் எடுத்து வைத்து மறுபடி வலது கால் வருகிற வரைக்குமான படங்கள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஆள் சாகும்வரை நடந்துகொண்டே இருப்பான். கிழவன் முடிந்துவிட்டான். கூன், முட்டி வலி, எல்லாம் வந்திருக்கிறது. நானே ரசித்துப் பார்த்தேன்.

மத்தியானம் கோமதி வந்து நின்றாள். "பகலவா, ஒண்ணு கேக்கலாமா? இவங்கல்லாம் இந்தப் பக்கமா போறாங்களே..."

"கலரடி."

"இல்ல, சாமி வந்து..."

"உன் சாமிய வீட்ல விட்டுட்டு வா. வாய் எதுக்கு உனக்கு? கலரடி."

அடித்தாள். மாமியின் புடவைக்கு அவள் போட்ட அரக்கு நிறம் பரவாயில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

பிப்ரவரி 12, புதன்

பாதம் வழுக்கவில்லை. ஞானதுரை சார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

கோமதி மறுபடி ஏதோ திசை, கோயில் என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் பின்னால் நடக்கிற ஆட்களுக்கு நிழல் போடச் சொல்லி அனுப்பினேன். அம்மா அவளுக்கென்று ஒரு டப்பா புளியோதரை கொடுத்துவிட்டிருந்தாள். "ஒத்தாசை பண்ற புள்ளைக்கு ஒரு வாய் குடு." அவள் கலரடிப்பதற்கு ஒத்தாசை என்று பெயர் வைத்து அவளுக்குப் பரிசு வேறு.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எரிச்சல்.

படம் முழுசாக முடிந்து ஓடவிட்டேன். கோமதி பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அறை நடுவில் போட்டாள்.

"இதான் சாமி. உன் படத்துல சுத்துறாங்களே, அதே மாதிரி இதைச் சுத்து."

பைத்தியமா என்றேன். "சுத்தேன்" என்றாள். அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் முறை. சுற்றினேன்.

"இப்ப சாமி உன் எந்தக் கைப் பக்கம் இருக்கு?"

"இடது கை."

"கோயில்ல சாமி வலது கைப் பக்கம் இருக்கணும். அதைத்தான் வலம் வர்றதுன்னு சொல்றது. இப்படி இடமா சுத்துறது சாவு வீட்லதான். பொணத்தைச் சுத்துவாங்க."

ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சங்கதியாம்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"ரெண்டு தடவை வந்தேன்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"கிளாஸ்ல பார்த்தவங்க எல்லாருக்கும்தான்."

"ஒருத்தன்கூட என்கிட்ட சொல்லலையே?"

"உன்கிட்டயா?" என்றாள் கோமதி.

பிப்ரவரி 19, புதன்

காலையில் சிரித்துக்கொண்டேதான் போனேன். இதென்ன பிரமாதம்? கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிடும். இடமிருந்து வலம் போனவர்கள் வலமிருந்து இடம் போவார்கள். சாமி வலது கைக்கு வந்துவிடும். தட்டினேன். எல்லோரும் ஒழுங்காக வலம் வந்தார்கள். இதற்குப் போயா நாற்காலி நாடகமெல்லாம் என்று கோமதியைப் பார்த்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "மாராப்பைப் பாரு."

மாராப்பு வலது தோளுக்குப் போய்விட்டது. ஒருத்திக்கு இல்லை, எல்லாப் பெண்களுக்கும். "எல்லா மாமியும் வடநாட்டு மாமி ஆயிட்டாங்க" என்றாள். ஆண்களுக்குச் சட்டைப் பை வலது மார்பில். ஓரத்தில் நிற்கிறவர் பீச்சாங்கையால் திருநீறு கொடுக்கிறார், வாங்குகிறவனும் பீச்சாங்கையை நீட்டுகிறான். முன்பு திசை மட்டும் தப்பு. இப்போது ஊரே தப்பு.

எல்லாவற்றையும் திரும்ப வரைய ஒரு வாரம் வேண்டும். நாளைக்குத் திரையிடல். பழையபடியே திருப்பிவிட்டேன். போகட்டும். வருகிறவர் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். சாமி எந்தப் பக்கம் இருந்தால் அவருக்கென்ன? அசைவு பார்ப்பார், உடம்பு எடை தெரிகிறதா பார்ப்பார், பாதம் பார்ப்பார். அது போதும் எனக்கு.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இந்திராணி மேடம் ஐம்பதைத் தாண்டியவர், வெளுத்த காட்டன் புடவை, பேச்சு கம்மி. காதலர்கள் நடந்தார்கள், குழந்தைகள் நடந்தார்கள், பேய் மிதந்தது. "ம்" என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 'மந்தை' ஓடியது. முடிந்தது. அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டார்கள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், "யார் பண்ணது?" என்றார். நான் எழுந்தேன். கோமதியும் எழுந்தாள். மேடம் என்னைத்தான் பார்த்தார்.

"நடுவுல இருக்கிறது கோயில்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன், எல்லாரையும் இடமா சுத்த விட்டிருக்கே. கதவு மூடியிருக்கு. யாரும் அழல. யாரும் யாரையும் பாக்கல. 'மந்தை'ன்னு பேரு வேற. இழவு வீட்ல நாம அப்படித்தான் இருக்கோம் தம்பி. போன மாசம் நானும் இப்படித்தான் சுத்தி வந்தேன், கையில அரிசியோட. யாரோ தள்ளிவிட்ட பக்கம் நடந்தேன்."

ஞானதுரை சார்கூடப் பாதத்தை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு தம்பி போனது?" என்று கேட்டார்.

யாரும் இல்லை மேடம் என்று சொல்லியிருக்கலாம். தாத்தா என்றாவது சொல்லியிருக்கலாம், அவர் நிஜமாகவே இல்லை. எது எப்படியோ, வாயில் வந்தது, "அம்மா."

கோமதியின் தலை என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரும்பவில்லை. மேடம் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அந்தக் கை கனமாக இருந்தது. சாயங்காலமே அறிவித்துவிட்டார்கள். பயிற்சிக்கு எடுக்கப்பட்டவன் பகலவன். சொன்னேன் இல்லையா?

வாசலில் கோமதி கேட்டாள். "அந்தப் புளியோதரைய யாரு கிளறிக் குடுத்தா?"

"வாயை மூடு."

"மூடிட்டுதானே இருந்தேன்" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாமியாரைப் பற்றி அப்பா சொல்வார், ஜனங்களே அர்த்தத்தைக் கொண்டுவந்து காலடியில் கொட்டுவார்கள், அவன் செய்ய வேண்டியது தலையாட்டுவது ஒன்றுதான் என்று. நான் அதைக்கூட அழகாகச் செய்யவில்லை. திரு திருவென்று முழித்தேன், அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். இதை எதற்கு எழுதுகிறேன்?

பிப்ரவரி 21, வெள்ளி

காலையிலிருந்து அம்மா மூன்று முறை இருமிவிட்டாள். சொல்லால் யாரும் சாவதில்லை. இருமல் மருந்து வாங்கி வந்தேன். "எனக்கு எதுக்குடா மருந்து? மொளகாய் வறுத்தேன், கமறிச்சு" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

அப்பா போனில் தன் தோழர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "மூடநம்பிக்கைய எதிர்த்துப் படம் எடுத்தே வேலை வாங்கிட்டான்யா என் பையன்." நான் மாடிக்குப் போய்விட்டேன்.

அம்மா மாடி வரை வந்து, படத்தைக் காட்டு என்றாள். இப்போது வேண்டாம் என்றேன். விடவில்லை. போனில் போட்டுக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோயில் கோயிலாகப் போனவள். அப்பாவைக் கட்டியதோடு அதெல்லாம் நின்றுபோனது, அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, யாரும் அவளைக் கேட்டதுமில்லை.

கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாரும் இடமால்ல போறாங்க. கதையில யாருடா செத்தது?"

"யாருமில்ல."

"அந்தப் பொடவைக் கலர் நல்லாருக்கு" என்று போனைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். கோமதி இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பயிற்சிப் படிவத்தில் வீட்டுப் போன் எண் என்ற இடத்தில் நான் கொடுத்திருந்தது அம்மாவின் எண். அப்பா தெரியாத எண்ணிலிருந்து வந்தால் எடுக்க மாட்டார். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு அது ஞாபகத்தில் இல்லை.

காலை பதினொரு மணி இருக்கும். அம்மா அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் மேடையில் கிடந்தது. கை ஈரம் என்பதால் புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கங்க. பகலவனோட அப்பா இருக்காங்களா? நான் சென்னையிலேர்ந்து இந்திராணி பேசறேன்."

நான் கூடத்திலிருந்து எழுந்து ஓடினேன்.

"அவங்க வெளிய போயிருக்காங்களே. சொல்லுங்க."

"தம்பி அடுத்த மாசம் இங்க வந்து சேரணும். தங்கறதுக்கு இடம் பத்திச் சொல்லணும். அப்புறம்... அவங்க அம்மா தவறின விஷயம் தம்பி சொன்னான். அன்னிக்கு அதுக்கு மேல என்னால கேக்க முடியல. மனசு ஆறல. அதான் அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்னு..."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போடுகிற முகம். கொஞ்ச நேரம்தான்.

"ஆமாங்க" என்றாள். "நான் அவனோட பெரியம்மா. கூட இருந்து பாத்துக்கறேன்."

"எப்படிம்மா ஆச்சு?"

"மஞ்சக்காமாலைங்க. ரொம்ப சிரமப்படாம போயிட்டா." கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "பையனுக்கு வாய்தான் நீளங்க. மனசுல ஒண்ணும் கெடையாது. எதையாச்சும் எடக்கா பேசினா பெருசா எடுத்துக்காதீங்க. நேரத்துக்குச் சாப்பிட மாட்டான், ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் பாத்துக்கறேன்மா."

போன் அணைந்தது. அம்மா பீன்ஸை மறுபடி எடுத்தாள்.

"மஞ்சக்காமாலைன்னுட்டேன். நீ வேற ஏதாச்சும் சொல்லி வெச்சிருந்தியா?"

"இல்ல."

"அப்ப அதையே வெச்சுக்கோ. மாத்திப் பேசி மாட்டிக்காதே."

திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். திட்டுக்கெல்லாம் என்னிடம் எப்போதும் பதில் உண்டு. அவள் பாட்டுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, என் மேலேயே அருவருப்பாக இருந்தது. பேயைப் போட்டவன்கூட என்னைவிட யோக்கியன்.

அவள் போனை எடுத்தேன்.

"எங்கடா போடறே? வேணாம். வேலை போயிரும்டா."

"போகட்டும்."

மேடம் எடுத்தார். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "மேடம், நான் பகலவன். எங்க அம்மா இருக்காங்க. இப்ப உங்ககிட்ட பேசினாங்களே, அவங்கதான் எங்க அம்மா. படத்துல இருக்கிறது கோயில்தான் மேடம். நான் கோயிலுக்குப் போனதே இல்ல, தெரியாம திசையத் தப்பா போட்டுட்டேன். கோமதி சொன்னா, நான் கேக்கல. நீங்க பேசினதும் அப்படியே விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"உன்னை எடுக்க முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"அம்மாகிட்ட குடு."

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள், எனக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"உங்களுக்கு யாருங்க போனது?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அரங்கம் முழுக்க ஆட்கள் இருந்தோம். அந்த அம்மாள் எங்கள் முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரிசியோடு சுற்றி வந்ததைச் சொன்னார். யாருக்காக என்று கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கு வேலை கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"பையன்" என்று போனில் கேட்டது.

அம்மா ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.